ஆயிரம் குதிரை வண்டி

"இன்னொரு தடவை, மெர்ல்! ஒரே ஒரு தடவை!"

ரோவீனா சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே குதித்தாள். மெர்ல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்ததுபோல் அந்த மின்சார டிரக் சத்தமே இல்லாமல் செம்மண் பாதையில் பாய்ந்தது. இருவர் தலையும் சீட்டில் போய் ஒட்டிக்கொண்டன.

"ஐயோ, என் வயிறு மோவாப்லயே இறங்கிடுச்சு!" என்று சிரித்தாள்.

மெர்லுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாலைவன ஊரான மோவாபில் டயர் கடை வைத்திருப்பவன் அவன். அதே ஊர்த் தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ரோவீனாவை நாலு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் வெளியே அழைத்துப் போகிறான். பாலைவனத்தில் பாறைகளைப் பார்ப்பார்கள், ஆப்பிள் பை சாப்பிடுவார்கள். அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "உன் கார் டயர்ல காத்து இருக்கா பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவான்.

சொல்ல வேண்டிய விஷயம் வேறு. அதற்கான தைரியம்தான் வரவில்லை. ஆயிரம் குதிரைசக்தி வண்டி ஒன்று கையில் இருந்தால் அதுவும் கூடவே வந்துவிடும் என்று நம்பி வாங்கிய டிரக் இது.

தைரியம் வந்ததோ இல்லையோ, ரோவீனாவுக்கு வண்டி பிடித்துப்போய்விட்டது. "அந்தப் பாறையில ஏறுமா?" என்றாள். ஏறியது. "நின்ன இடத்துலயே பம்பரமா சுத்துமாமே?" சுற்றியது. புது டயர்கள் தேய்கிற வாசனை வந்தபோது டயர்க்காரனின் நெஞ்சு துடித்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"ஏசியை இன்னும் கூட்டேன். வேகுது."

கூட்டினான். வண்டிக்குப் பின்னால் பிளக் பாயிண்ட்கூட இருக்கிறது என்று பெருமையடித்ததுதான் தாமதம், வீட்டிலிருந்து கொண்டுவந்த மின்சார அடுப்பைச் சொருகி அவள் பான்கேக் சுட ஆரம்பித்துவிட்டாள். தட்டு மேல் தட்டாக அவனுக்கு ஊட்டாத குறை.

ஒரு வாய் பான்கேக்கோடு திரையை எட்டிப் பார்த்தவனுக்குப் புரையேறியது.

"சார்ஜ் அடியில போயிடுச்சு ரோவீனா! கிளம்பும்போதே ஏத்திக்கலாம்னு சொன்னேன். நீதான் வரிசை நீளமா இருக்கு, வந்து பாத்துக்கலாம்னே."

"ஆயிரம் குதிரைன்னு சொன்னே? எல்லாத்துக்கும் இப்பவே மூச்சு வாங்குதா?" என்றாள். "அந்த மணல் ஓடையை மட்டும் தாண்டிக் காட்டு. அப்புறம் வீட்டுக்குப் போயிடலாம்."

எந்த ஆண்பிள்ளை மாட்டேன் என்பான்? யானை கனம் கனக்கிற வண்டி, காய்ந்த ஓடை மணலில் புதைந்து புதைந்து எழுந்தது. நடு ஓடையில் திரை ஒரு முறை மன்னிப்புக் கேட்டது. பிறகு இருண்டுபோனது.

மெர்ல் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டிரக்கின் கூரைமேல் ஏறினான். சிக்னல் இல்லை.

"பெட்ரோல்னா யாராவது ஒரு கேன்ல கொண்டாந்து ஊத்துவாங்க. கரண்ட்டை எந்தக் கேன்ல கொண்டாறது?" என்று புலம்பியபடி இறங்கினான். "யார் வந்து இழுத்தாலும் பரவாயில்ல. உன் தம்பி மட்டும் வரக்கூடாது."

அவள் தம்பி கிளைட் ஓட்டுவது துருப்பிடித்த டீசல் டிரக். மெர்லின் புது வண்டிக்கு 'சக்கரம் வெச்ச ஃபிரிட்ஜ்' என்று பெயர் வைத்தவன் அவன்தான்.

ரோவீனா அலட்டிக்கொள்ளவில்லை. இரண்டு மடக்கு நாற்காலிகளைப் பாறை நிழலில் விரித்துப் போட்டு, ஒன்றில் உட்கார்ந்தாள். மற்றதில் அவன் உட்கார்ந்தான். காட்டுவதற்குத் திரை இல்லை, சுற்றுவதற்குச் சக்கரம் இல்லை. டயரைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோனது.

"ரோவீனா..." தொண்டையைச் செருமினான். "என் கராஜ் ரொம்பப் பெரிசு. உன் காரையும் அதுல நிறுத்தலாம்."

"நிறுத்திட்டு?"

"நிறுத்திட்டு... நீயும் அங்கயே இருந்துடலாம்."

"கராஜ்லயா?"

அவன் முகம் எதிரே இருந்த பாறையைவிடச் சிவந்தது. "இல்ல... வீட்டுல. என்னோட. அதாவது... நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

ரோவீனா அவனையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. "பண்ணிக்கலாம், மெர்ல்" என்றாள்.

நடு வெயிலில் நின்றுபோன வண்டியை அவன் அந்த நிமிடம் கும்பிடவும் தயாராக இருந்தான். அவள் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலையில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்தாள். கையை உயரத் தூக்கித் தூசி போக நன்றாக உதறினாள்.

அவள் உதறி முடிப்பதற்குள் எங்கிருந்தோ ஒரு எஞ்சின் உறுமியது. மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கரும்புகை கக்கிக்கொண்டு ஒரு டீசல் டிரக் இறங்கி வந்தது. இழுக்கிற கயிறு அதன் கொக்கியில் தயாராக மாட்டியிருந்தது. ஜன்னலில் தெரிந்த முகம் கிளைட்.

மெர்ல் வாயைப் பிளந்தான். "டேய், நாங்க இங்க மாட்டிக்கிட்டது உனக்கு எப்படிடா தெரியும்?"

கிளைட் காதுவரை சிரித்தான்.

"மாட்டுவீங்கன்னு அக்கா நேத்தே சொல்லிடுச்சே, அத்தான்!"