பதினேழாவது இசைத்தட்டு

ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் சொக்ஸ் மட்டுமாக வாசலில் நின்றபடிதான் தக்சிலா அந்த வட்டமான வெள்ளைத் தாளில் இரண்டு சொல் எழுதினாள்.

ரயிலுக்கு நான்கு நிமிடம் இருந்தது. தியாகோ இசைத்தட்டை விளிம்பில் மட்டும் விரல் படும்படி ஏந்திக்கொண்டு நின்றான். எழுதியதை வாங்கி நடுவில் ஒட்டினான். வாசற்படி வழுக்கும், கவனம் என்று அவளிடம்தான் சொன்னான்.

அவள் வேலைக்கு ஓடினாள்.

தியாகோ போர்த்துக்கல்காரன். நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்ட்டில் இரண்டு குளிர்காலம் மீன் வெட்டிவிட்டு, இசை கலக்கும் பழைய மிக்சர் ஒன்றோடு ஒஸ்லோவுக்கு வந்து இறங்கியவன். ஹவுஸ் என்கிற ஆட்ட இசை செய்வான். வெள்ளிக்கிழமைகளில் ஆற்றோரத்து நிலவறை ஒன்றில் டீஜே. அவனுடைய முதல் தட்டு முந்நூறு பிரதி. மூன்றாவதுக்கு லிஸ்பன் கடைகளில் வரிசை நின்றது.

டீஜேக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நல்ல தட்டு ஒன்று அகப்பட்டால் அதன் பெயரின்மேல் வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்துவிடுவார்கள். எட்டிப் பார்க்கிற போட்டிக்காரன் அறிந்துவிடக் கூடாது. ஆனால் எது எதுவென்று தமக்கு ஓர் அடையாளம் வேண்டுமே. தியாகோவுக்கு அந்தக் கவலை கலியாணத்தோடு தீர்ந்தது. மனைவி தமிழில் எழுதிக் கொடுத்தாள். இனி ஒஸ்லோவின் டீஜேக்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்று எட்டிப் பார்க்கட்டும்.

அவளுக்கோ பாட்டுகளின் உண்மைப் பெயர் எதுவும் தெரியாது. ஒருமுறை முழுதாகக் கேட்பாள். காதில் பட்டதை எழுதுவாள். ‘ஈரச் சப்பாத்து.’ ‘சபாரத்தினம் மாமா பல்லுத் தீட்டுறார்.’ அவன் எழுத்துகளின் உருவத்தை மனதில் பதித்துக்கொள்வான்.

அவன் சொந்தமாகச் செய்த தட்டுகளுக்கும் அவள் வைத்ததே பெயர். பொருளைக் கேட்டுத் தன் மொழியில் அச்சிடுவான். வரிசை நின்ற அந்த மூன்றாவது தட்டுக்குப் பெயர் ‘தையல் மெசின்.’

கேளாமல் அவள் ஒன்றுக்கும் பெயர் வைத்ததில்லை.

விமானத்தில் போட்டால் தட்டுப் பெட்டி தொலையும் என்று அவன் எங்கேயும் காரில்தான் போவான். அவள் ரயிலுக்கு ஓடிய அன்றும் அப்படித்தான், ஸ்தவாங்கருக்கு. துறம்மன் நகரம் தாண்டியதும் தார்வீதியில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம். 2006 ஜனவரி, நண்பகல். பெட்டிக்குள் ஒரு தட்டில்கூடக் கீறல் விழவில்லை.

செத்தவீடு முடிந்து மூன்றாம் வாரம் நூனோ லிஸ்பனிலிருந்து, ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் இருந்த அவர்களுடைய வீட்டுக்கு வந்தான். ஹம்மர்பெஸ்ட்டில் தியாகோவோடு மீன் வெட்டி நோர்வேஜியன் பழகியவன், இப்போது அவனுடைய தட்டுகளை வெளியிடுகிறவன்.  வந்ததும் பெட்டியைத் திறந்து, தியாகோ கடைசியாகச் செய்த பாட்டின் மாதிரித் தட்டை வெளியே எடுத்தான்.

பாட்டு தன்னிடமும் இருக்கிறது என்றான். கணினியில் தியாகோ அதற்குப் பதினேழு என்று இலக்கம் மட்டும் போட்டிருக்கிறான். மே மாதம் வெளிவர வேண்டும். பெயர்தான் இல்லை. இந்தத் தாளில் இருப்பதன் பொருளைச் சொன்னால் போதும்.

தக்சிலா தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

மறந்திருந்தால் ஒருமுறை போட்டுக் காட்டட்டுமா என்று எழும்பினான் நூனோ. அவள் வேண்டாம் என்று தலையசைத்த வேகத்தில், பிளேயர்ப் பக்கம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

அப்போதுதான் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். அருள்நாயகி, இவர்களுடைய கலியாணத்துக்கு வராதவர். மருமகனுடைய தொழிலைக் கேட்டவர்களிடம் ‘கிறைண்டர் ஓட்டுறார்’ என்றே ஆறு வருடமும் சொல்லிவந்தவர். தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு, நெற்றியில் கிடந்த கண்ணாடியை இறக்கி வாசித்தார்.

“கேட்டிட்டு எழுதுறன்.” மகளை நிமிர்ந்து பார்த்தார். “பிள்ளை, உது பேரில்லையே.”

“ஓம் அம்மா. அண்டைக்குக் கேக்க நேரமில்லை. சொல்லிப்போடாதேங்கோ.”

நூனோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அம்மா கதிரையை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதியோர் இல்லத்துச் சமையலறையில் பழகிய நோர்வேஜியனில், இதுதான் பெயர், நல்ல பெயர் என்றார். மாற்றிச் சொன்னால் பழுதாகிவிடும். அப்படியே அச்சிடு.

அவன் ஒரு தாளில் அந்த எழுத்துகளைப் பார்த்து வரைந்தான். றகரத்தில் பிழைத்தபோது அம்மா விரல் வைத்துக் காட்டினார்.

மே மாதம் தட்டு வந்தது. தியாகோவுக்கு அதைப்போல் எதுவும் ஓடியதில்லை. பெர்லினில் ஆடினார்கள், சாவோ பாவுலோவில் ஆடினார்கள். ஒரு சஞ்சிகை அந்த எழுத்துகள் பழைய மந்திரம் ஒன்று என்று விளக்கமே எழுதியது. தக்சிலா வாசித்துச் சொன்னபோது, அவன் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான் என்றார் அம்மா. சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனவர் கனநேரம் வெளியே வரவில்லை.

கோடையில் ஒஸ்லோவின் துணிக்கடைகளில் அந்த வகை இசை ஓயாது. தெரியாத பாட்டு ஒன்று தொடங்கினால், இதுதான் பதினேழோ என்று தக்சிலா கையில் எடுத்த சட்டையை அப்படியே வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்துவிடுவாள்.

2009இல் மூன்றாம் பதிப்பு வந்தது. உறையின் நிறத்தை மாற்றியிருந்தார்கள். எழுத்தை மாற்றவில்லை.