இரண்டு விரல் இடம்

கடைக் கண்ணாடி வழியே விழும் காலை வெயிலில் கறுப்புப் பெட்டி ஒன்று வாய் திறந்து கிடக்கிறது. மகளின் முதல் கேமிங் கம்ப்யூட்டருக்கு எல்லாம் தேறிவிட்டது, கிராபிக்ஸ் கார்டு மட்டும் பாக்கி. "நீங்க கேக்குறது நீளமான கார்டும்மா, இந்தப் பெட்டியில உட்காராது. பெரிய பெட்டின்னா உங்க பட்ஜெட் தாங்காது" என்கிறார் கடைக்காரர். மகளின் முகம் தொங்கிப்போகிறது, கை சின்ன கார்டின் பக்கம் நகர்கிறது. தையல் வேலையைப் பாதியில் விட்டு வந்த அம்மா, கழுத்தில் கிடக்கும் இஞ்ச் டேப்பை உருவுகிறாள். "நில்லுடி. அளக்காம நான் துணியே வெட்ட மாட்டேன், இதுக்கு மட்டும் குத்துமதிப்பா?" கார்டை அளக்கிறாள். பெட்டிக்குள் டேப்பை விட்டு, முன்பக்க ஃபேன் வரை இழுத்து நகத்தால் பிடிக்கிறாள். மூன்று தலைகளும் குனிகின்றன. "ரெண்டு விரல் மிச்சம்." மகள் பெரிய கார்டை எடுத்து அணைத்துக்கொள்கிறாள். "அது போதுமாம்மா?" "தாராளம். வளர்ற பிள்ளைக்கு நான் துணியில விடுற இடம்டி அது."