நான்கு ஃபிரேம்

ஏணியிலிருந்தவன் விழுந்துவிட்டான். டிரம் அடி அதன்பிறகுதான் கேட்டது.

எடிட்டிங் அறையில் அவள் படத்தை நிறுத்தினாள். நான்கு ஃபிரேம் தாமதம்.

அந்த ஒலித்துண்டைப் பிடித்து முன்னால் இழுத்தாள். இப்போது அவன் தரையைத் தொடும்போதே அடி விழுந்தது. அவளுக்கே சிரிப்பு வந்தது.

நூறு வருடத்துக்கு முந்தைய ஊமைப்படம். திரைவிழாவுக்காகப் புது இசை. டிரம் வாசித்தவர் அமலதாஸ். பக்கவாதத்திலிருந்து எழுந்தபின் அவருடைய முதல் பதிவு.

திரும்ப வாசிக்கச் சொல்லியிருக்கலாம். ஒலிப்பதிவின்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வலது கையை நீவிவிட்டுக்கொண்டே சிரித்ததைப் பார்த்தபின், அவளுக்கு வாய் வரவில்லை.

விழுவது, மோதுவது, அறை வாங்குவது என்று நாற்பத்தொரு இடங்கள். அத்தனையையும் நகர்த்தினாள்.

அவரிடம் சொல்லவில்லை.

திரையிட்ட அன்று அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. முடிந்ததும் அமலதாஸ் அவள் கையைப் பற்றிக்கொண்டார்.

"கை திரும்பிருச்சும்மா. நீயே பாத்தல்ல?"

அவள் ஆமாம் என்றாள்.

அடுத்த மாதம் கோவையில் இதே படத்துக்குத் திரையருகே உட்கார்ந்து நேரடியாக வாசிக்க முடியுமா என்று விழா அமைப்பாளர் கேட்டார். அமலதாஸ் உடனே ஒத்துக்கொண்டார். அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

ஒன்பது நாள் பொறுத்தாள். பத்தாம் நாள், நகர்த்தாத பதிவோடு அவர் வீட்டுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். லேப்டாப்பைத் திறந்து படத்தை ஓட்டினாள்.

முதல் அடிக்கு அவர் புன்னகைத்தார். மூன்றாவதில் புன்னகை நின்றது. ஏழாவதில் கையை உயர்த்தினார்; அவள் படத்தை நிறுத்தினாள்.

"எல்லாத்தையுமா?"

"ஆமா சார்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் நின்றுபோன படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி ரெஜினா காபியோடு வந்தார். கோவைக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று, அங்கிருக்கும் தங்கை குடும்பமும் பார்க்க வருகிறது என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அமலதாஸ் லேப்டாப்பை மெல்ல மூடினார்.

"நிகழ்ச்சி ரத்தாயிருச்சாம் ரெஜினா. அதச் சொல்லத்தான் பாவம், இந்தப் பொண்ணு இவ்ளோ தூரம் வந்திருக்கு."

ரெஜினா தட்டை மேசையில் வைத்தார். பிறகு டம்ளரை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"அதுக்கு நீ என்னம்மா பண்ணுவ. காபியக் குடி."