கேரவன் குடித்தனம்

தம்பி நெவிலுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் அவன் பெண்டாட்டி வெல்மா தனிக் குடித்தனம் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டதும் லொரேனுக்கு ரத்தம் கொதித்தது. காரை எடுத்துக்கொண்டு அவர்கள் இருக்கும் டப்போ ஊருக்கு வந்து இறங்கினாள்.

தனிக் குடித்தனம் வெகுதூரத்தில் இல்லை. கொல்லைக் கோடியில், வேலியோரம் நிற்கும் பழைய கேரவன் வண்டியில்தான்.

"இந்தக் குளிர்ல, முடியாத புருஷனைத் தனியாப் போட்டுட்டு அங்கே போய்த் தூங்கறாளா? நல்லா இருக்குடா!"

"விடு லொரேன்," சிரித்தான் நெவில். "சிகரெட்டை விட்டதிலேர்ந்து நான் எரிஞ்சு எரிஞ்சு விழறேன். ராத்திரியெல்லாம் புலம்பல் வேற. எவ தாங்குவா? வேளாவேளைக்கு வந்து எல்லாம் செய்யறா. தூக்கம் மட்டும்தான் அங்கே."

முப்பது வருஷம் குனிந்து குனிந்து ஆட்டு ரோமம் கத்தரித்த இடுப்பு. 'சிகரெட்டை விட்டால்தான் ஆபரேஷன். புகைத்தால் எலும்பு ஒட்டாது. மறுபடியும் படுக்கைதான்' என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

டீ குடிக்கிற இடைவேளைக்கே 'புகை நேரம்' என்று பெயர் வைத்திருக்கிற கூட்டம், அந்த ரோமம் கத்தரிக்கிற கூட்டம். அதில் ஒருத்தன் சிகரெட்டை விடுவதாவது! யாரும் நம்பவில்லை. நெவில் விட்டுவிட்டான்.

"போன வாரம் எக்ஸ்ரே பார்த்துட்டு டாக்டரே கை குடுத்தாரு. ஒட்ட ஆரம்பிச்சிருச்சாம். 'பாதி வேலை நான் செஞ்சது, மீதி நீ செஞ்சது'ன்னாரு. இன்னும் கொஞ்ச மாசம் தொடாம இருந்துட்டா எழுந்து நடமாடலாம்."

"எப்படிடா முடிஞ்சது உன்னால?" லொரேனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"வெல்மாவாலதான். நான் விட்ட அன்னிக்கே அவளும் பாக்கெட்டைத் தூக்கி அடுப்புல போட்டா. பதினஞ்சு வயசிலேர்ந்து ஊதறவ, ஒரே நாள்ல நிறுத்திட்டா! அப்புறம் எனக்கென்ன கேடு? கை பரபரக்கும்போதெல்லாம் அவ மூஞ்சியைப் பார்த்துப்பேன்."

"அதெல்லாம் சரி. உன்னை விட்டுட்டுப் போனது போனதுதானே? நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன் பார்!"

ஈரப் புல்லில் விறுவிறுவென்று நடந்தாள். தட்டக்கூட இல்லை, கேரவன் கதவைப் படாரென்று திறந்தாள்.

உள்ளே ஒரே புகை. வெல்மாவின் விரலிடுக்கில் சிகரெட்.

"கதவைச் சாத்து! காத்து வீட்டுப் பக்கம்தான் அடிக்குது."

"நீ... விட்டுட்டேன்னு அவன்..."

"எத்தனையோ தடவை விட்டுப் பார்த்தேன் லொரேன். என்னால முடியலை." வெல்மா சிகரெட்டை நசுக்கி அணைத்தாள். "நெவ் விட்டது என்னைப் பார்த்து. நான் தோத்துட்டேன்னு தெரிஞ்சா அவனும் தோத்துடுவான். அதான் இங்கே வந்துட்டேன். இந்தப் பனியிலயும் தலைக்குக் குளிச்சு, துணி மாத்திட்டுத்தான் அந்தப் படியை மிதிக்கிறேன்."

லொரேன் வெல்மாவின் தோளைத் தொட்டாள். கேரவன் கதவை இறுகச் சாத்திவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"என்ன, சண்டை போட்டியா?" என்றான் நெவில்.

"போடாம? உன் எலும்பு கூடினப்புறம்தான் வருவாளாம்." அவன் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள் லொரேன். "சிகரெட்டை விடறதுன்னா அவளை மாதிரி விடணும்டா!"