ஒளித்து வைத்த அடையாள அட்டை

வெள்ளவத்தையில், கணவனிடம் அடிவாங்கிய பெண்கள் சனிக்கிழமைகளில் கூடும் மாடியறைக்கு அன்று பாலேஸ்வரி புதிதாக வந்தார். கூட்டத்தை நடத்தும் ஜவாஹிறாவிடம் ஓர் அடையாள அட்டையை நீட்டினார்.

"இது கீழை வாசலிலை நிக்கிற பிள்ளையின்ர. புருசன் ஒளிச்சு வைச்சவன். இது இல்லாமல் வெளிக்கிட்டால் செக்பொயின்ரிலை ஆமிக்காரர் பிடிப்பாங்கள், அவள் எங்கையும் போகமாட்டாள் எண்டு தெரிஞ்சுதான் மூண்டு வருசமாய் அடிச்சவன். இண்டைக்கு அலுமாரிப் பூட்டை உடைச்சு எடுத்தனான்."

பெண்கள் கொதித்தார்கள்.

"அந்த வீட்டிலை வேறை ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டாள் நேசமலர்.

"மாமியார் இருந்தவ. அவள் கத்துறது கேட்டால் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைப்பா."

"சீ! அவவும் ஒரு பொம்பிளையோ?"

பாலேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டார். ஜவாஹிறா அவருடைய கையைப் பிடித்தாள்.

"அழாதீங்க. உங்கட மகளை மேல கூட்டி வாங்க. பொலிஸ்ல முறைப்பாடு குடுக்கலாம். ஆனா, கண்ணால கண்ட சாட்சி வேணும். அந்த மாமியார் வந்து சொல்லுவாவா?"

"சொல்லுவா. பிள்ளைத்தாய்ச்சி எண்டும் பாராமல் அவன் நேற்று உதைச்சதைப் பாத்துக்கொண்டு நிண்டவ."

பாலேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அவள் என்ர மகளில்லை. அடிச்சவன்தான் என்ர மகன். எழுதுங்கோ, நான் கையெழுத்து வைக்கிறன்."