திரிந்த பால்

"பால்கோவா கிண்டுற வீட்டுல பால் திரிஞ்சா, அன்னைக்கு அடுப்பையே அணைச்சிருவோம். நீ வேணும்னே திரிய வைக்க. வெளங்குமா இது?"

சாரங்கபாணி தன் மருமகள் ஜனனியிடம் இதைச் சொல்லாத நாளே கிடையாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலுக்குப் பக்கத்தில் பால்கோவா கடை. அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவளுக்குச் சீஸ் பைத்தியம். கொடைக்கானலில் போய்ப் படித்துவிட்டு வந்தவள். பின்கட்டு அறையில் ஏசி மாட்டி, வட்டம் வட்டமாகச் சீஸ் செய்து அடுக்கி வைத்திருந்தாள். மாமனார் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்.

"பாலை உறைய வைக்கக் கொழுப்பு, குடல்னு எதுவும் சேர்க்கல, சைவ உறைதான் மாமா. ஒரு துண்டு வாயில போட்டுப் பாருங்களேன்."

"கெட்டுப்போனதைத் தின்னுட்டு நான் எந்த மூஞ்சியோட பெருமாளைச் சேவிக்க?"

மதுரையில் ஒரு பெரிய ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர் பாண்டிச்செல்வம், மனைவியோடு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வருவதாகச் சொன்னார். சீஸ் பிடித்துவிட்டால் வாராவாரம் ஆர்டர்.

"வரட்டும்" என்றார் சாரங்கபாணி. "தட்டுல ஒரு துண்டு மிச்சம் கிடந்தாலும், அன்னைக்கோட இந்தக் கூத்து முடிஞ்சுது. அந்த ரூம்ல பால் அண்டாவை அடுக்கிருவேன்."

கெட்ட நேரம், அந்த வாரம் பார்த்து ராஜபாளையத்தில் ஜனனியின் அம்மா வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். ஜனனி கிளம்பியாக வேண்டும்.

"ஏங்க, தினமும் ஒவ்வொண்ணையும் திருப்பிப் போட்டு, உப்புத் தண்ணியில துடைக்கணும். விட்டா பூசணம் பூத்துரும்" என்று புருஷன் வைகுந்திடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

"நீ போயிட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்."

சனிக்கிழமை சாயங்காலம் திரும்பியவள் செருப்பைக் கழற்றிய கையோடு பின்கட்டுக்கு ஓடினாள். அத்தனையும் மஞ்சள் மினுங்க, துடைத்துவிட்ட மாதிரி இருந்தன. வைகுந்தின் மேல் அவளுக்கு அப்படி ஒரு பாசம் பொங்கியது.

மறுநாள் தேக்குப் பலகையைக் கழுவி, மிளகு போட்ட மெத்துச் சீஸ், பழுத்த கட்டிச் சீஸ், ராஜபாளையம் சப்பட்டை மாம்பழக் கீற்று, தேனில் ஊறிய நெல்லிக்காய் என்று அடுக்கினாள். பிஸ்கட்டுக்குப் பதில் தட்டை. மாமனார் கூடத்துக்கே வரவில்லை. வாசலில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார்.

பாண்டிச்செல்வம் ஒரு வாய் வைத்தார். இன்னொன்று எடுத்தார். அப்புறம் கை நிற்கவே இல்லை. பலகை வழித்த மாதிரி காலி.

"அடுத்த வாரத்துல இருந்து அனுப்பிருங்கம்மா" என்றார். ஜனனிக்குக் கண் கலங்கிவிட்டது.

"சீஸ் மேல்தோல் எம்புட்டுச் சுத்தம். பச்சப்புள்ளையைக் குளிப்பாட்டுற மாதிரி பாத்திருக்கீங்க" என்றார் பாண்டிச்செல்வம்.

"எல்லாம் இவங்கதான். நான் ஊர்லயே இல்ல" என்று பெருமையாகப் புருஷனைக் காட்டினாள்.

வைகுந்த் நெளிந்தான்.

"இல்ல ஜனனி… கடையில கூட்டம். நான் மறந்தே போயிட்டேன். அந்த ரூம் பக்கமே போகல."

அவள் திகைத்து நிற்கும்போதே பாண்டிச்செல்வத்தின் மனைவி, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்றாள்.

ஜனனி உள்ளே போய் ஒரு புது வட்டத்தைத் தூக்கிவந்து பலகையில் வைத்தாள். கத்தியை எடுத்தாள்.

வாசலில் பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது.

"ஏம்மா, அதை வெட்டிராத. முந்தாநாள் திருப்பிப் போடும்போதே அமுக்கிப் பாத்தேன், இன்னும் இறுகல. மேல்தட்டுல இருக்குறதை எடு. தின்னு பாத்துட்டேன், அதுதான் பதம்."