கிண்ணத்துத் தண்ணீர்

சளக்கென்று தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கூண்டுக்குள் இருந்த பச்சோந்தி ஆசையோடு கண்ணைச் சுழற்றியது. தண்ணீர் இன்றைக்கும் கிண்ணத்தில்தான் இருந்தது. இலையில் சொட்டு சொட்டாக நின்றால்தான் அதற்குக் குடிக்கத் தெரியும்.

"மூணு நாளாச்சு மாப்ளே, நாக்கு ஒட்டுது" என்றது, சுவரில் இருந்த பல்லியிடம்.

"தாகத்துல கறுத்துக் கிடக்கிற நீ, அந்தம்மா எட்டிப் பார்த்தா உடனே பளபளன்னு பச்சையாயிடுற. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாவம், பயந்துடுவாங்களேன்னுதான்."

"நீ செத்துக் கிடந்தா பயப்பட மாட்டாங்களாக்கும்!"

தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருந்த கமலவேணி மறுபடி வந்து குனிந்தாள். பச்சோந்தி பச்சையாகாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு கறுப்பாகவே நின்றது.

"ஐயோ, ஏன் இப்படிக் கறுத்துட்ட?"

டாக்டரைக் கூப்பிடப் போனை எடுத்தாள். "சேச்சே, ஒண்ணும் இருக்காது. நல்லாத்தான் இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பல்லிக்குப் பொறுக்கவில்லை. "இல்லம்மா, தாகம்! தாகம்!" என்று கத்தியது.

அவள் காதில் விழுந்தது "ச்சு, ச்சு, ச்சு" மட்டும்தான்.

"அப்பாடா, பல்லியே சொல்லிடுச்சு" என்று போனைக் கீழே வைத்தாள். பாதியில் விட்டிருந்த துணிகளை மடிக்க உட்கார்ந்தாள்.